விருந்தைக் குற்றமாக்கிய சட்டம்

கனடாவின் மேற்குக் கரையில், ஸ்கீனா ஆறு கடலோடு கலக்கும் பகுதியில் வாழும் சிம்ஷியன் மக்களின் சட்டம் ஏட்டில் எழுதப்பட்டதன்று. ஒவ்வோர் இல்லத்துக்கும் 'அடாவ்க்' எனப்படும் வாய்மொழி வரலாறு உண்டு. எந்த மீன்துறை, எந்த வேட்டைக்காடு, எந்தப் பட்டப்பெயர் யாருக்கு உரியது என்பதை அதுவே சொல்லும். தாய்வழியில் இறங்கிவரும் அந்த வரலாற்றைப் பிழையின்றி எடுத்துரைப்போரே மூத்தோர். வயது மட்டும் அந்த மதிப்பைத் தந்துவிடாது. பெருவிருந்தில் பிற குலத்தார் முன்னிலையில் அதைச் சொல்ல வேண்டும். பரிசு பெறும் விருந்தினரே சாட்சிகள். பிறர் உரிமையைத் தமதென்று கூறினால் அவையிலேயே மறுப்பு எழும்.

பிரபுக்களும் அடிமைகளும் இருந்த சமூகம் அது. பொற்காலமாகப் புனைய வேண்டியதில்லை. ஆயினும் இல்லத்தின் நிலத்தைத் தனியொருவர் விற்றுவிட முடியாது. குடியேற்ற அரசுக்கு உறுத்தியது இதுதான். 1884இல் கனடிய நாடாளுமன்றம் விருந்தையே குற்றமாக்கியது. 1951 வரை தடை நீடித்தது. விருந்து போனால் சாட்சி போகும். சாட்சி போனால் உரிமை போகும். மூத்தோரின் இடத்தில் அரசுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேர்தல் கவுன்சில்கள் திணிக்கப்பட்டன.

ஆற்றின் மேற்பகுதியில் வாழும், உறவுமொழி பேசும் கிட்க்சான் மக்கள், அண்டையிலுள்ள வெட்சுவெட்டன் மக்களோடு சேர்ந்து தொடுத்த டெல்காமூக் வழக்கில் மூதாட்டி ஒருவர் தம் இல்லத்தின் பாடலைச் சாட்சியமாகப் பாட முன்வந்தார். அதைக் கேட்டுப் பயனில்லை என்றார் நீதிபதி. 1991இல் வழக்கு தள்ளுபடியானது. 1997 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துசெய்து, வாய்மொழி வரலாற்றுக்கு ஆவணங்களுக்கு நிகரான இடம் தரவேண்டும் என்றது. நிலம் யாருடையது என்பதை மட்டும் தீர்க்காமல் மறுவிசாரணைக்கு விட்டது.

2015இல் லெலு தீவில் எரிவாயு முனையம் அமைக்க மலேசியாவின் பெட்ரோனாஸ் முனைந்தது. அரசு நிறுவனம்தான்; மூலதனத்தின் குணம் மாறவில்லை. லாக்ஸ் குவாலாம்ஸ் சிம்ஷியன் மக்களுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சொல்லப்பட்டது. மூன்று கூட்டங்களிலும் அவர்கள் மறுத்தனர். தீவை ஒட்டிய மணல்திட்டில்தான் ஸ்கீனாவின் சால்மன் குஞ்சுகள் வளர்கின்றன. எனினும் 2016இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. தீவின் பெயரால் பேச உரியவர் யார் என்பதும் கனடிய நீதிமன்றத்தின் முன் கேள்வியானது. பண்டு விருந்தவையில் தீர்ந்திருக்கக்கூடிய கேள்வி அது. 2017இல் திட்டம் கைவிடப்பட்டபோது நிறுவனம் சொன்ன காரணம், சந்தை நிலவரம்.