ஈர வேட்டியும் நெற்றிப்பட்டமும்

ஆடி அமாவாசையன்று விடியற்காலையில் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பாபநாசம் படித்துறைக்குப் போயிருந்தேன். என் தகப்பனாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுக் கரையேறும்போது காலில் ஏதோ சுற்றிக்கொண்டது. பாம்போ என்று பதறிவிட்டேன். பார்த்தால், யாரோ ஆற்றில் விட்ட வேட்டி! பக்கத்திலே ஒரு பெரியவர், தாமும் ஈர வேட்டியை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் ஐயா இப்படி?" என்றேன்.

"உடுத்தினதோட வீட்டுக்குப் போனா பாவமும் கூடவே வந்துரும்னு ஜோசியர் சொன்னாரு" என்றார்.

நல்ல மனிதர்தான். ஆனால், அவர் விட்ட பாவம் எங்கே போகிறது? அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் திருநெல்வேலிக்கும் போகிறது. அங்கே குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தானே?

பிதிர்க்கடனைக் கேலி செய்கிறவன் அல்ல நான். இல்லறத்தான் பேண வேண்டியவர்களில் தென்புலத்தாரை முதலில் வைத்த வள்ளுவரைவிட எனக்கு அறிவு அதிகம் என்று நினைக்கவுமில்லை. கடன் என்ற சொல்லைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். வாங்கியவன்தானே கடன் தீர்க்க வேண்டும்? நாம் வாங்கியது உடம்பு மட்டுமா? நதியுண்ணி என்றும் கன்னடியன் என்றும் அணை கட்டி, இந்த ஆற்றை வயலுக்குத் திருப்பிவிட்டவர்கள் நம் முன்னோர்கள். அவர்கள் தந்த ஆற்றில் நமக்கு வேண்டாத துணியைப் போட்டுவிட்டு, கடன் தீர்ந்தது என்கிறோம். கழித்துப் போடுவது கொடுப்பதாகுமா? வருஷந்தோறும் டன் கணக்கில் அந்தத் துணிகளை வாரி எடுக்கிறார்கள். படித்துறை மீன்களுக்குப் பொரி போடுகிற அதே கைகள்தாம் இதையும் செய்கின்றன!

இதே ஆற்றங்கரையில், கிழக்கே ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டினார். பிறகு 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். முதுமக்கள் தாழிகளோடு கிடைத்தவை என்ன? இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், பொன்னால் செய்த நெற்றிப்பட்டங்கள். சிறு பானைகளில் உமிகூட இருந்தது. செத்தவனுக்கும் பசிக்கும் என்று தானியம் வைத்திருக்கிறார்கள்! தம்மிடம் இருந்ததில் நல்லதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜோசியரைக் கேட்டுச் செய்ததாகத் தோன்றவில்லை.

ஜப்பானியரும் ஓபோன் பண்டிகையில், வந்துபோகும் முன்னோருக்கு வழிகாட்ட ஆற்றில் காகித விளக்கு விடுகிறார்கள். ஆறு கெட்டுவிடக் கூடாதென்று, பல ஊர்களில் அந்த விளக்குகளைத் திரும்பவும் எடுத்துவிடுகிறார்கள். அதற்காக எந்தப் பாட்டனும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சிரத்தையிலிருந்து வந்த சொல்தான் சிராத்தம். சிரத்தை எங்கே இருக்கிறது, ஆற்றிலா, அவிழ்த்த வேட்டியிலா?

என் காலைச் சுற்றிய வேட்டியைத் திரும்ப ஆற்றில் விட எனக்கு மனம் வரவில்லை. பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று நாளாகக் கொடியில் கிடக்கிறது. யாருடைய பாவமோ, இதுவரை எங்களை ஒன்றும் செய்யவில்லை.