கட்டடம் போதாது, ஆசிரியர் வேண்டும்

ஆசிரியருக்கு,

அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் உதவ, 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல முயற்சி. ஆனால் கட்டடத்துக்குக் கிடைக்கும் நன்கொடை, ஆசிரியருக்கும் அன்றாடச் செலவுக்கும் எளிதில் கிடைப்பதில்லை. இங்கே நம் செங்கல்பட்டு மாவட்ட வரலாறு கைகொடுக்கும். 1843இல் அரசு சார்ந்த திருச்சபையிலிருந்து பிரிந்த ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபைக்கு அரசுப் பணம் கிடையாது. சபையாரின் காணிக்கையே ஆதாரம். அந்தக் காணிக்கைதான் கடல் கடந்து வந்து செங்கல்பட்டுப் பகுதியில் பள்ளிகளாயிற்று. சேரிப் பிள்ளைகள் மாடு மேய்த்தும் களை பறித்தும் பண்ணையில் கிடந்த காலம் அது. அவர்களின் நிலையை ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் விரிவாக எழுதினார். நிலமில்லாதவன் பிள்ளையைப் பள்ளிக்கு விடமாட்டான் என்பதை உணர்ந்த அத்திருச்சபையின் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூ, மெல்ரோசாபுரம் போன்ற குடியிருப்புகளையும் உருவாக்கினார். அந்த இணைப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது: பிழைப்பும் படிப்பும் சேர்ந்தே வந்தன.

மிஷனரிகள் மதம் மாற்றத்தானே செய்தார்கள் என்பார்கள். அந்த நோக்கம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஊர்ப் பள்ளி வாசலில் தடுக்கப்பட்ட பிள்ளைக்கு வேறு கதவு எது? பஞ்சமர் என அன்று அழைக்கப்பட்ட சேரி மக்களுக்கு 1892இல் தரிசு நிலம் வழங்கவும், 1893இல் அவர்களின் பள்ளிகளுக்கு உதவித்தொகை தரவும் அரசு ஆணையிட்டதற்கு மிஷனரிகள் தந்த அழுத்தமும் ஒரு காரணம். ஆகவே இன்று நன்கொடை தருவோர், கோயிலோ சபையோ ஜமாத்தோ, ஒரு வகுப்பறையோடு நிறுத்தாமல், ஒரு தற்காலிக ஆசிரியரின் சில ஆண்டுச் சம்பளத்தையும் ஏற்க வேண்டுகிறேன். நிரந்தரப் பணியிடங்களை நிரப்புவது அரசின் கடமை.

ஒரு வாசகர்,
மதுராந்தகம்