பழைய மென்பொருளும் புதிய மடிக்கணினியும்

தமிழ்க் கழக ஆண்டிதழில் மைக்ரோகன்ட்ரோலர் பற்றிய கட்டுரையா என்று சிலர் வியக்கலாம். நம் கழகத்தில் பொறியியல் பயில்வோர் குறைவல்லர். அவர்களின் தலைவலியையும் தமிழில் பேசத்தானே வேண்டும்!

நான் பயின்ற ஆய்வுக்கூடத்தின் கணினிகளில் எம்பிலாப் 8.92 இருக்கிறது. 2013இல் வந்த அதுவே அவ்வரிசையின் கடைசிப் பதிப்பு. "அதையே பயன்படுத்து தம்பி, தொல்லை இல்லை" என்பது அண்ணன்மார்களின் அறிவுரை. அதில் பாதி உண்மை. பழைய கணினியிலும் அது சட்டென்று திறக்கும். பிக் 16எஃப்877ஏ சில்லுக்கு மொத்தம் 35 கட்டளைகள், 368 பைட் நினைவகம். முழு இயந்திரத்தையும் மனத்தில் நிறுத்திப் படிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

சிக்கல், மாணவர் தம் மடிக்கணினியில் புதிய எம்பிலாப் எக்ஸ் நிறுவும்போது தொடங்குகிறது. 2020இல் வெளிவந்த 5.40 பதிப்பு முதல் அது 64 பிட்டுக்கு மாறியது. 32 பிட்டில் இயங்கிய எம்பிஏஎஸ்எம் விடுபட்டது. அதனிடத்தில் வந்த பிக்-ஏஎஸ் வேறு இலக்கணம் பேசுகிறது. பிழைச் செய்தி வந்தால் நல்லது, திருத்திக்கொள்ளலாம். செய்தியே வராத இடம்தான் ஆபத்து. வெறுமனே 10 என்று எழுதினால் எம்பிஏஎஸ்எம் அதைப் பதினறும எண்ணாக, அதாவது 16 ஆக எடுத்துக்கொள்ளும். பிக்-ஏஎஸ் அதைப் பத்தாகவே கொள்ளும். பதினாறு முறை சுற்ற வேண்டிய தாமதச் சுழற்சி பத்து முறை சுற்றும். விளக்கு சற்று வேகமாக மினுக்கும், அவ்வளவுதான். அதே எண் மோட்டாரை நிறுத்தும் நேரத்தைக் குறித்தால்?

அதற்காகப் பழையதைக் குப்பையில் போடச் சொல்வோருடன் நான் உடன்படவில்லை. தொழிற்சாலையில் பதினைந்து ஆண்டுகளாக ஓடும் பலகையில் ஒரு வரியை மாற்ற, அன்று பயன்படுத்திய அதே கம்பைலர்தான் பாதுகாப்பானது. ஹைடெக் சி மொழியில் எழுதியதை எக்ஸ்சி8இல் மறுபடி தொகுத்தால் உருவாகும் குறிமுறையும் அதன் நேரக்கணக்கும் மாறக்கூடும்.

ஆகவே, இறுதியாண்டுத் திட்டத்தை இளையோரிடம் ஒப்படைக்கும்போது மூலநிரலை மட்டும் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது போதாது. மென்பொருளின் பதிப்பு எண்ணையும் நிறுவல் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். எண்களை 0எக்ஸ்10 என அடிமானம் தெரிய எழுதுங்கள். இரண்டு மென்பொருள்களும் அதை ஒன்றாகவே புரிந்துகொள்ளும். புதிய திட்டங்களைப் புதிய மென்பொருளில் தொடங்குங்கள்.

எஞ்சியிருப்பவை பயிற்சித் தாள்கள். விரிவுரையாளர்களுக்கு நேரமில்லை என்று குறைகூறிக் காலம் கடத்துவதில் எனக்கு விருப்பமில்லை. நானும் என் அறைத்தோழனும் நான்கு தாள்களைப் பிக்-ஏஎஸ்ஸுக்கு மாற்றி, பலகையில் ஓட்டிச் சரிபார்த்துவிட்டோம். இன்னும் ஆறு இருக்கின்றன. பருவ விடுமுறையில் ஊருக்குப் போகாதவர்கள் தாராளமாக வரலாம். தேநீர் எங்கள் செலவு.