நாற்காலிக்காரரின் சாப்பாடு

அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பிரம்மஞான சபைத் தோட்டத்தை அடுத்து, ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் கிராமம் இருக்கிறது. சபையை ஸ்தாபித்தவர்களுள் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயர் அதில் நிலைத்திருக்கிறது. குப்பத்துக்குத் தென்புறம் எலியட்ஸ் கடற்கரை. விடியற்காலையில் இங்கே இரு கூட்டத்தாரைக் காணலாம். ஒரு கூட்டத்தார் படகைக் கரையேற்றி வலையை உதறுகிறவர்கள். மற்றக் கூட்டத்தார் வக்கீல்கள், பாங்கி அதிகாரிகள், கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகஸ்தர்கள், நாற்பதைக் கடந்தவர்கள், வைத்தியர் சொன்னதற்காக நடக்க வந்தவர்கள்.

வலை இழுத்தவர் ஒரு தட்டுச் சோறு உண்டால் அது அவருடைய உழைப்புக்குச் செலவாகிவிடும். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்பவர் அதே அளவு உண்டால் அது எங்கே போகும்? இடுப்பில் தங்கும்; பிறகு இரத்தத்தில் சர்க்கரையாகக் கணக்குக் காட்டும். இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், பதின்மூன்று கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்பதாகவும் 2023-ல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது.

நம்முடைய சாப்பாட்டின் குறை இன்று கண்டுபிடித்ததன்று. 1920-களில் குன்னூரில் டாக்டர் ராபர்ட் மக்காரிஸன் இந்தியாவின் பல பிரதேசத்தாருடைய ஆகாரங்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் ஆகாரம் உண்ட எலிகள் கொழுகொழுவென்று முதலிடம் பெற்றன. சென்னை ஆகாரம் உண்டவை கடைசியில் நின்றன. அரிசியின் பேரில் பழி போட வேண்டாம். சோறு மலைபோலவும், மற்றவை ஊறுகாய்போலவும் இலையில் இருப்பதுதான் குற்றம்.

பரிகாரம் எளிது. தட்டில் பாதியைக் கறிகாயும் கீரையும் நிரப்பட்டும். கால் பங்கு பருப்போ, பயறோ, மீனோ இருக்கட்டும். மிச்சமுள்ள காலில் சோறு. மீன் உண்போர் கௌரவத்துக்காக வஞ்சிரத்தையே தேட வேண்டுவதில்லை. முள்ளோடு உண்ணும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். மத்தியில் இருதயத்துக்கு நல்ல கொழுப்பு உண்டு. ஆனால் எண்ணெயில் பொரிப்பதைவிடக் குழம்பில் இடுவதே மேல். கருவாடு, அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றின் உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் நாளொன்றுக்கு அனுமதிப்பது 5 கிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டது.

இனிக் காப்பி. சாப்பிட்ட கையோடு காப்பி அருந்தினால், உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவது குறைகிறது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுவது உத்தமம். ஒரு நாளில் ஆறு தம்ளர் குடிப்பவர், ஆறு முறை சர்க்கரையும் உண்கிறார் என்பதை மறக்கலாகாது. இடையில் தாகம் எடுத்தால் தண்ணீரும் நீர்மோரும் இருக்கவே இருக்கின்றன.

‘வேலை மிகுதி, நேரமில்லை’ என்று பகலில் பட்டினி கிடந்து, இரவு பத்து மணிக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டையும் ஒரே வேளையில் தீர்ப்பது பலருடைய வழக்கம். காரியாலயம் செல்லும் ஸ்திரீகள் நிலை இன்னும் மோசம். எல்லோருக்கும் டப்பா கட்டிக் கொடுத்துவிட்டுத் தாம் வெறும் வயிற்றோடு புறப்படுகிறார்கள். அவர்களுடைய டப்பாவையும் முதலிலேயே கட்டி வைப்பது குடும்பத்தார் அனைவரின் பொறுப்பு.

கடற்கரையில் நடப்பது நல்லதே. ஆனால் நடந்து திரும்பும் வழியில் இரண்டு வடையும் ஒரு காப்பியும் காத்திருக்குமானால், நடந்த பலன் வீடு வந்து சேராது.