ஓட்டைப் பிரித்தது யார்?

"ஓட்டைப் பிரிக்காதே." ஒடுக்கப்பட்டவர்கள் தனியாகக் களத்தில் நின்றால் முதலில் கேட்கும் குரல் இதுதான். அமெரிக்க அதிபர் தேர்தலிலும் இதே குரல் உண்டு. அங்கே ஓட்டுப் பிரித்த குற்றத்துக்கு அடையாளமாகச் சொல்லப்படும் பெயர் ரால்ஃப் நாடர்.

2000ஆம் ஆண்டுத் தேர்தலில் பசுமைக் கட்சி சார்பில் நின்ற நாடர், ஃபுளோரிடா மாநிலத்தில் 97,488 ஓட்டுகள் வாங்கினார். அங்கே ஜார்ஜ் புஷ் அல் கோரை வென்றது வெறும் 537 ஓட்டில். மாநிலத்தின் 25 தேர்வாளர் ஓட்டுகளும் மொத்தமாகப் புஷ்ஷுக்குப் போயின, அவற்றோடு அதிபர் பதவியும் போனது. நாடு முழுவதும் எண்ணினால் கோருக்குத்தான் ஐந்து லட்சத்துக்கும் மேல் கூடுதல். 'நாடர் கெடுத்தார்' என்ற பேச்சு அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை.

இந்தக் கணக்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்கச் சிவில் உரிமைகள் ஆணையம் 2001இல் இந்தத் தேர்தலை விசாரித்தது. ஃபுளோரிடா வாக்காளர்களில் கறுப்பின மக்கள் சுமார் 11 விழுக்காடு. செல்லாதவை என்று தள்ளப்பட்ட சுமார் 1,80,000 ஓட்டுகளிலோ அவர்களுடையவை ஏறக்குறைய 54 விழுக்காடு என்று ஆணையம் மதிப்பிட்டது. பெருக்கிப் பாருங்கள், தோழர்களே: சுமார் 97,000! நாடர் வாங்கிய ஓட்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு 97,000 இன்றும் வசை வாங்குகிறது. இன்னொரு 97,000 யார் நினைவிலும் இல்லை.

2001 ஜனவரியில் முடிவை ஏற்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடின. கறுப்பின உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஃபுளோரிடா முடிவை எதிர்த்தார்கள். அன்றைய விதிப்படி எதிர்ப்பைப் பதிவு செய்ய ஒரு செனட்டரின் கையெழுத்து தேவைப்பட்டது. கோரின் கட்சியைச் சேர்ந்தவர்கள் உட்பட ஒரு செனட்டர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. துணை அதிபராக அவைக்குத் தலைமை தாங்கி, அவர்களை உட்கார வைத்தவர் தோற்றுப்போன கோரேதான்.

ஆகவே மூன்றாவது வேட்பாளரால் தீங்கே இல்லை என்று சொல்லிவிடலாமா? கூடாது. 1844 தேர்தலைப் பாருங்கள். அடிமை முறையை ஒழிக்கக் கேட்ட லிபர்ட்டி கட்சியின் ஜேம்ஸ் பிர்னி நியூயார்க்கில் 15,000க்கும் மேல் ஓட்டு வாங்கினார். அங்கே ஹென்றி கிளே சுமார் 5,000 ஓட்டில் தோற்றார். ஜேம்ஸ் போல்க் அதிபரானார். இருவருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள்தான். ஆனால் டெக்சாஸை உடனே நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நின்றவர் போல்க். மறு ஆண்டே டெக்சாஸ் அடிமை மாநிலமாகச் சேர்ந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் பிர்னிக்கு ஓட்டுப் போட்ட வெள்ளையர்கள் இல்லை, ஓட்டே இல்லாத அடிமைகள்.

அதே லிபர்ட்டி கட்சி வழிவந்தவர்கள்தான் 1848இல் சுதந்திர மண் கட்சியிலும், 1854இல் உருவான குடியரசுக் கட்சியிலும் சேர்ந்தார்கள். 1860இல் நான்கு பேர் போட்டியிட்ட தேர்தலில் 40 விழுக்காட்டுக்கும் குறைவான ஓட்டோடு லிங்கன் வென்றார். அடிமை முறையை எதிர்ப்பவர்கள் கடைசிவரை 'ஓட்டைப் பிரிக்காமல்' இருந்திருந்தால், அந்தக் கேள்வி இரண்டு பெரிய கட்சிகளின் மேசைக்கு அடியிலேயே கிடந்திருக்கும்.

தனித்து நிற்பது உரிமை. அதற்கு விலையும் உண்டு. அந்த விலையை யார் கொடுக்கப்போகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆனால் ஓட்டுப் பிரிவதைக் குற்றமாக்குவது தேர்தல் விதி. ஒரு ஓட்டு முந்தினாலும் எல்லாம் அவருக்கே என்பதால்தான் இந்த மிரட்டல் எடுபடுகிறது. நம் தொகுதிகளிலும் இதே விதிதான். மெய்ன் மாநிலம் 2020 அதிபர் தேர்தலில் இதை மாற்றிக் காட்டியது. அங்கே வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு விழுந்த ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணுவார்கள். பயமில்லாமல் ஓட்டுப் போடலாம்.

இனி யாராவது "ஓட்டைப் பிரிக்காதே" என்று வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த விதியை மாற்ற எங்களோடு நிற்பீர்களா? எங்கள் ஓட்டு குப்பைக்குப் போகும் நாளில் கையெழுத்துப் போடுவீர்களா?