கொலம்பியாவால் விண்வெளி நிலையத்துக்குப் போயிருக்க முடியுமா?

ஒவ்வொரு பிப்ரவரி 1 அன்றும் கொலம்பியா விண்வெளி ஷட்டிலில் உயிரிழந்த கல்பனா சாவ்லாவின் படத்தோடு ஒரு வரியும் சேர்ந்தே கைமாறுகிறது: "சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் ஒதுங்கியிருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள்." இங்கே கார் நிக்கோபாரிலும் பள்ளிப் பிள்ளைகள் இதை உறுதியாகச் சொல்கிறார்கள். பெரியவர்கள் எழுதியதைத்தான் அவர்கள் படித்திருக்கிறார்கள். அந்த வரி தவறானது. அதைவிட, அந்த ஏழு பேருக்கு உண்மையிலேயே இருந்த ஒரு வாய்ப்பை அது மறைத்துவிடுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கல்பனா நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்தார் என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை. 2003 ஜனவரி 16 அன்று புறப்பட்ட எஸ்.டி.எஸ்.-107 ஓர் ஆய்வுப் பயணம். நிலையத்துக்குப் போகும் திட்டமே அதில் கிடையாது. 1997இல் அவர் போன முதல் பயணமும் அப்படித்தான். மற்ற ஷட்டில்களைவிட எடை கூடிய கொலம்பியா, ஒருமுறைகூட அந்த நிலையத்தோடு இணைந்ததில்லை.

"இரண்டுமே பூமியைத்தானே சுற்றின, கொஞ்சம் மேலே ஏறினால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. நிலையம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் இருந்தது, கொலம்பியா 280 கி.மீ. அளவில். ஆனால் உயரம் இங்கே சின்னச் சிக்கல். பெரிய சிக்கல் திசை. நிலையத்தின் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்தது. கொலம்பியாவின் பாதை 39 பாகை. கார் நிக்கோபார் இருப்பது வடக்கே 9 பாகையில். ஆகவே இரண்டு பாதைகளும் எங்கள் தலைக்கு மேலாகப் போகக்கூடியவையே. தரையிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே வானத்தில் பக்கம் பக்கமாக ஓடுவதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக எங்கள் தீவைக் கடக்கும்போது நிலையம் வடக்கிலிருந்து 39 பாகை கிழக்கே நோக்கிப் போகும், கொலம்பியா 52 பாகை கிழக்கே நோக்கிப் போகும்.

பதின்மூன்று பாகைதானே என்று தோன்றும். இங்குள்ள ஹோடிப் படகு துடுப்பால் தண்ணீரைத் தள்ளித் திரும்பிவிடும். விண்வெளியில் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. வினாடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் ஓடும் கலம் எரிபொருளை எரித்து மட்டுமே பாதையைத் திருப்ப முடியும். அந்தத் திருப்பத்துக்கு வினாடிக்கு ஏறக்குறைய 1.7 கி.மீ. அளவுக்கு வேகமாற்றம் வேண்டும். ஷட்டிலின் சுற்றுப்பாதை எஞ்சின்களின் தொட்டியை முழுக்க நிரப்பினாலும் வினாடிக்குச் சுமார் 300 மீட்டர்தான் கிடைக்கும். பாரத்தை வெளியே தள்ளியிருக்கலாமே என்கிறவர்களுக்கும் இதுவே பதில்: ஐந்து மடங்குக்கு மேலான பற்றாக்குறை அது.

நிலையத்தோடு பூட்டிக்கொள்ளும் டாக்கிங் கருவியும் அந்தப் பயணத்தில் கொலம்பியாவில் இல்லை.

"சுனிதா வில்லியம்ஸுக்கு மட்டும் எப்படி முடிந்தது?" 2024இல் அவர் போன ஸ்டார்லைனர், தொடக்கத்திலேயே நிலையத்தின் பாதைக்குள் ஏவப்பட்ட கலம். வழியில் பழுது தெரிந்தபோதும் அது நிலையத்தை அடைய முடிந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள்: "அப்படியானால் விதி, எதுவும் செய்திருக்க முடியாது." முதல் கூற்றைவிட இதை நான் கடுமையாக மறுக்கிறேன். புறப்பட்ட 82ஆம் வினாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து முக்கால் கிலோ அளவுள்ள நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது; பூமிக்குத் திரும்பும்போது கலம் சிதைந்ததற்கு அந்தச் சேதமே காரணம். மறுநாளே அந்த மோதல் படச்சுருளில் தெரிந்தது. இறக்கையை ராணுவக் கருவிகளால் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். நிர்வாகம் அந்த வேண்டுகோளை மேலே கொண்டுபோகவில்லை.

விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கை 2003 ஆகஸ்டில் வெளிவந்தது. சேதம் ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று அதில் ஆராய்ந்திருக்கிறார்கள். மார்ச் 1 பயணத்துக்காக அட்லாண்டிஸ் என்ற மற்றொரு ஷட்டில் தயாராகிக்கொண்டிருந்தது. இரவுபகலாக வேலை செய்தால் பிப்ரவரி 10 வாக்கில் அதை ஏவியிருக்க முடியும். கொலம்பியாவில் இருந்தவர்கள் அசைவைக் குறைத்து ஓய்ந்திருந்தால், கரியமில வாயுவை அகற்றும் லித்தியம் ஹைட்ராக்சைடு பிப்ரவரி 15 வரை தாக்குப்பிடித்திருக்கும். கொலம்பியா தன் பாதையை மாற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போக முடியாது; ஆனால் தரையில் நிற்கும் கலத்தைக் கொலம்பியாவின் பாதைக்கே அனுப்ப முடியும். நான்கு பேருடன் அட்லாண்டிஸ் போய் அருகே நின்றிருக்கும். டாக்கிங் தேவையில்லை. விண்வெளி உடையணிந்து, கட்டம் கட்டமாக ஏழு பேரும் இடம் மாறியிருப்பார்கள். அட்லாண்டிஸின் தொட்டியிலிருந்தும் நுரை பெயரும் ஆபத்து இருக்கவே செய்தது. கடினம், ஆனாலும் சாத்தியம் என்பதே குழுவின் முடிவு.

ஐந்து நாள் இடைவெளி. அந்த ஐந்து நாளைப் பற்றிப் பேசாமல், எட்டவே முடியாத நிலையத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2009 மே மாதம் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க அட்லாண்டிஸ் ஏழு பேருடன் புறப்பட்டது. ஹப்பிளின் பாதைச் சாய்வு 28.5 பாகை, அங்கிருந்தும் நிலையத்துக்குப் போக வழியில்லை. இம்முறை நாசா அதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டது. பக்கத்து ஏவுதளத்தில் எண்டெவர் மீட்புக் கலமாக, புறப்பட ஆயத்த நிலையில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.