கரடி விட்டது யார்?



என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நடந்த ஒன்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இதில் என் தவறும் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பகாங் மாநிலத்தில், காட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டத்திலிருந்து பள்ளிக்கு வரும் மாணவன் அவன். ஒருநாள் காலையில், "ஐயா, எங்க வீட்டுக்குப் பின்னால கரடி வந்துச்சு" என்றான். வகுப்பே சிரித்தது. "டேய், கரடி விடாதடா!" என்று ஒருவன் குரல் கொடுத்தான். மரபுத்தொடரை இடமறிந்து பயன்படுத்திவிட்டானே என்ற மகிழ்ச்சியில் நானும் சிரித்துவிட்டேன். "சான்று இல்லாமல் எதையும் சொல்லக்கூடாது" என்று அறிவுரை வேறு கூறினேன்.

மூன்று நாள் கழித்துச் சான்றோடு வந்தான். தந்தையின் கைப்பேசியில் ஐந்து படங்கள். உதிர்ந்த செம்பனைப் பழங்களைத் தின்றுகொண்டிருக்கும் கரிய உருவம். கடைசிப் படத்தில் அது நிமிர்ந்து நிற்கிறது. மார்பில் பிறை வடிவ மஞ்சள் பட்டை. ஐயமே இல்லை, சூரியக் கரடிதான். வகுப்பு கைதட்டியது. நானும் தட்டிக்கொடுத்தேன். மாலைக்குள் அப்படத்தைத் தோட்டத்தின் பெயரோடு பெற்றோர் புலனக் குழுவில் பகிர்ந்தவனும் நானே.

அன்றிரவு அப்படங்களை வரிசையாகப் பார்த்தபோது நெஞ்சு பதறியது. முதல் படத்தில் கரடி ஒரு கரும்புள்ளி. ஐந்தாவதில் திரை நிறைய நின்றது. ஐந்திலும் அது நின்றது அதே மரத்தடியில்தான். மறுநாள் அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். "கிட்ட போனாத்தான் ஐயா நெஞ்சுல இருக்கிற கோடு தெரிஞ்சுச்சு. இல்லாட்டி நாயின்னு சொல்லிருவீங்க" என்றான்.

அவனை அங்கே நடக்க வைத்தது குறும்புத்தனம் அன்று, நம் சிரிப்பு. முதல் நாளே நான் நம்பியிருந்தால் அவன் சான்று தேடிப் போயிருக்க மாட்டான்.

உலகிலுள்ள எட்டு வகைக் கரடிகளில் சூரியக் கரடியே மிகச் சிறியது. எடை ஏறத்தாழ 25 முதல் 65 கிலோ வரை. சிறியது என்பதால் எளியது என்று எண்ணிவிடக்கூடாது. கரையான் புற்றைப் பிளக்கவும், மரத்தைக் கடித்துக் கிழித்துத் தேனடையை எடுக்கவும் வல்ல நகமும் பல்லும் கொண்டது. நம் மாணவன் படத்தில் அது நிமிர்ந்து நின்றது படத்திற்காக அன்று. நெருங்கி வருவது யாரென்று பார்த்தும் மோப்பம் பிடித்தும் அறிவதற்காக.

இரு நண்பர்களும் கரடியும் என்ற கதையை நாம் எல்லோரும் கற்பித்திருக்கிறோம். ஒருவன் மரமேறித் தப்புவான். மற்றவன் மூச்சடக்கிப் படுத்துத் தப்புவான். நட்பைப் பற்றிய நீதிக்கு அக்கதை போதும். உயிர் காக்கப் போதாது. சூரியக் கரடி மரமேறுவதில் தேர்ந்தது. ஆகவே கதையை நடத்தும் நாளில் இதையும் சொல்லிக் கொடுப்போம்: ஓடாதே, மரமேறாதே, அதற்கு முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்கு, பெரியவரிடம் சொல். குட்டி மட்டும் கண்ணில் பட்டாலும் நெருங்காதே. தாய் அருகில் இருக்கலாம்.

படம் எடுப்பதே தவறு என்று நான் கூறவில்லை. மார்புப் பட்டை ஒரு கரடிக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருப்பதில்லை. ஆய்வாளர்கள் காட்டு மரங்களில் தானியங்கிப் புகைப்படக் கருவிகளைக் கட்டிவைத்து, அப்பட்டையைக் கொண்டே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். அங்கே கருவிதான் காத்திருக்கிறது, மனிதன் நெருங்குவதில்லை. நம் பிள்ளைகள் வீட்டுக்குள்ளிருந்து சன்னல் வழியே எடுக்கட்டும். படம் மங்கலாக இருந்தால் இருக்கட்டும்.

என் இரண்டாவது தவறு, இடத்தின் பெயரைப் பகிர்ந்தது. பித்தப்பைக்கும் நகத்திற்கும் இவ்விலங்கு வேட்டையாடப்படுகிறது. குட்டிகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்போரும் உண்டு. 2019ஆம் ஆண்டு கோலாலம்பூர் அடுக்குமாடி வீடொன்றில் குட்டி மீட்கப்பட்டதை நாளிதழ்களில் படித்தோம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதை முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்காக வைத்திருக்கிறது. சட்டம் இருந்தும், இருப்பிடத்தை ஊரறியச் செய்தவன் ஓர் ஆசிரியன். கரடி வந்தால் தெரிவிக்க வேண்டிய இடம் வனவிலங்குத் துறை. புலனக் குழு அன்று. அப்பதிவை நீக்கிவிட்டேன். ஆனால் அதற்குள் எத்தனை கைகளுக்குப் போயிற்றோ, அறியேன்.

அடுத்த நாள் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு வெட்கம் தாங்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான்.

பெற்றோர்களே, பிள்ளை வந்து "பார்த்தேன்" என்று சொன்னால், எங்கே, எவ்வளவு தூரத்தில், நீ என்ன செய்தாய் என்று முதலில் கேளுங்கள். படம் எங்கே என்று கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்